வடசென்னையில் காணத்தக்கவை



துருக்கி நாட்டுக்குச் செல்வோர் காணவேண்டிய இடங்கள் எவை என்று வினவினால், உங்களுள் பலர் தயங்காமல் விடை கூறுவீர்கள். இஸ்தான்புல் நகரில் கி.பி. 537-இல் கட்டி முடிக்கப்பெற்ற ஹாகியா சோபியா, அந்நகரின் ஐந்தாம் நூற்றாண்டு மதில், ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் வண்டி வந்து நின்றதும் 1890-இல் திறக்கப்பெற்றதுமாகிய சிர்கெசி ரயில் நிலையம், இரு கண்டங்களுக்கு இடையே ஓடும் பாஸ்பரஸ் நீரிணை என்று அடுக்கிச் சொல்வீர்கள். மகிழ்ச்சி. உலகை அறிந்திருத்தல் நன்றே.

இனி மற்றொரு வினா. இராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் வருகின்றவர்க்கு எவற்றைக் காட்டுவீர்கள்? "அங்கே என்ன இருக்கிறது, ஐயா? புகையும் லாரியும்தானே!" இவ்விடையை நான் வகுப்பறையில் பலமுறை கேட்டிருக்கிறேன். அதனைக் கூறியவர்கள் வெளியூர்ப் பிள்ளைகள் அல்லர். அவ்வூர்களிலேயே பிறந்து, அத்தெருக்களிலேயே நடந்து பள்ளிக்கு வந்தவர்கள். அவர்களுக்கு அளித்த மறுமொழியையே இன்று உங்கள் முன்னும் வைக்கிறேன்.

இஸ்தான்புல் நகரைக் காண உலகம் திரண்டு செல்வது ஏன்? அங்கே ஒரு காலத்தின்மேல் மற்றொரு காலம் படிந்து கிடப்பது கண்ணுக்குத் தெரிகிறது. கிறித்தவப் பெருங்கோயிலாக எழுந்த ஹாகியா சோபியா 1453-க்குப் பின் பள்ளிவாசலாயிற்று, 1935-இல் காட்சியகமாயிற்று, 2020-இல் மீண்டும் பள்ளிவாசலாயிற்று. ஒரே கட்டடத்தைப் பார்ப்பவர் ஒரு நாட்டின் வரலாற்றைப் படித்துவிடுகிறார். அப்படிப் படிக்கும் கண் நமக்கு இருந்தால், வடசென்னையும் திறந்து வைத்த ஏடுதான்.

மதிலிலிருந்து தொடங்குவோம். ஆம், சென்னைக்கும் ஒரு மதில் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்களும் ஹைதர் அலியின் குதிரைப் படையும் நகரை நெருங்கிய நாட்களில், அஞ்சிய கிழக்கிந்தியக் கும்பினியார் கறுப்பர் நகரம் எனப்பட்ட பகுதியின் வடக்கிலும் மேற்கிலும் மதில் எழுப்பினர். அதன் செலவுக்காக மக்களிடம் வரி தண்ட எண்ணினர். ஆங்கிலத்தில் மதிலுக்கு 'வால்', வரிக்கு 'டாக்ஸ்'. மதில் ஏறக்குறைய மறைந்து போயிற்று. எண்ணிய வரியின் பெயர் மட்டும் வால்டாக்ஸ் சாலையாக நிலைத்துவிட்டது. எஞ்சிய மதில் துண்டைப் பழைய சிறைச்சாலை ரோட்டில் மாடிப் பூங்கா என்னும் இடத்தில் இன்றும் காணலாம். அதன்மேல் ஏறி வடக்கு நோக்கி நில்லுங்கள். நாம் காணப்போகும் ஊர்களெல்லாம் அந்த மதிலுக்கு வெளியே இருந்தவை. நகரத்தார் தமக்குக் காவல் தேடியபோது வெளியே விடப்பட்ட ஊர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே விடப்பட்டவை என்பதால் இளையவை என்று எண்ண வேண்டா. கும்பினியார் இக்கரையில் கால் வைப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே திருவொற்றியூர் பேரூர். அங்கே செல்வது இப்பொழுது எளிது. 2021 முதல் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை ஓடுகிறது. விம்கோ என்பது தீப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றின் பெயர் என்பதையும் போகிற வழியில் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு தொழிற்சாலை ஊரின் பெயராகவே ஆகிவிட்டது.

திருவொற்றியூர்த் தியாகராசர் திருக்கோயில் சம்பந்தர், அப்பர், சுந்தரர் ஆகிய மூவராலும் பாடப்பெற்றது. சுந்தரர் சங்கிலியாரை மணந்ததும், பிரியேன் என்று மகிழ மரத்தடியில் சூளுரைத்ததும் இத்தலத்தில் என்று பெரியபுராணம் கூறும். செக்காட்டும் மரபில் பிறந்து, கோயிலுக்கு விளக்கேற்றுவதையே வாழ்வாகக் கொண்ட கலிய நாயனாரும் இவ்வூரினரே. புற்று வடிவான ஆதிபுரீசுவரரின் மேல் சார்த்திய கவசம் ஆண்டில் மூன்று நாள், கார்த்திகை முழுமதியை ஒட்டி, திறக்கப்படுகிறது. அந்நாட்களில் கூட்டம் மிகும். அமைதியாகப் பார்க்க விரும்புவோர் மற்றொரு நாளைத் தேர்ந்துகொள்க.

கோயிலுக்குள் சென்றதும் எல்லோரும் நேரே சன்னிதிக்குச் செல்வார்கள். வழிபட்டபின் நீங்கள் கருவறையைச் சுற்றிப் பின்புறம் வாருங்கள். பின்சுவர் நேராக இல்லாமல் வளைந்திருப்பதைக் காண்பீர்கள். படுத்திருக்கும் யானையின் முதுகைப் போன்ற இவ்வமைப்பைத் தூங்கானை மாடம் என்பர். இக்கருங்கல் விமானம் முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் எழுந்தது. கட்டியவன் பெயரையும் கல்வெட்டு சொல்கிறது: இரவி என்னும் வீரசோழத் தச்சன். அரசர் பெயர் எல்லாக் கோயில்களிலும் உண்டு. கல்லை அளந்து, செதுக்கி, வளைவு பிசகாமல் அடுக்கிய கைவினைஞனின் பெயர் நமக்குக் கிடைப்பது அரிது. ஆயிரம் ஆண்டு கடந்து அப்பெயர் நம் காதில் விழுகிறது.

கட்டுமாறு வேண்டியவர் சதுரானன பண்டிதர் என்னும் மடத்துத் தலைவர். இப்பெயர் அம்மடத்தில் வழிவழியாக வந்தது. அதனை முதலில் தாங்கியவரின் வரலாற்றையும் இக்கோயிற் கல்வெட்டொன்று கூறுகிறது. அவர் கேரள நாட்டினர். சோழ இளவரசன் இராசாதித்தனுக்கு உற்ற துணைவராய் இருந்தவர். 949-இல் தக்கோலப் போரில் யானைமேல் இருந்தபடியே இளவரசன் மாண்டான். அவனுடன் உயிர்விட இயலாமற்போன வருத்தத்தால் இவர் உலகைத் துறந்தார். கங்கையில் நீராடித் திருவொற்றியூருக்கு வந்து துறவியானார். இதனை வெட்டிய கல் எந்த அரசன் காலத்தது, தெரியுமா? தக்கோலத்தில் சோழரை வென்ற இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் காலத்தது. வென்றவன் ஆட்சியில், தோற்றவனுக்காக வருந்திய ஒருவரின் கதை கல்லில் ஏறியிருக்கிறது. பகையைக் கடந்த அப்பெருமிதத்தைப் பாடநூலில் படிப்பது வேறு. அக்கோயிலிலேயே நின்று எண்ணிப் பார்ப்பது வேறு.

இலக்கணம் கற்பிப்பதற்கென்றே இக்கோயிலில் ஒரு மண்டபம் இருந்ததையும் கல்வெட்டுகள் குறிக்கின்றன. ஆகவே மாணவர்கள் இங்கு வருவது புதிதன்று, பழைய வழக்கம். நான் அழைத்துச் சென்ற மாணவன் ஒருவன் சுவரிலிருந்த எழுத்தை விரலால் தடவிக்கொண்டே, "ஐயா, இது 'ட', இது 'ப', இது தமிழ்!" என்று உரக்கக் கூவினான். அவன் தேர்வில் பெரிய மதிப்பெண் பெறும் மாணவன் அல்லன். எனினும் அன்று அவனைச் சுற்றி வகுப்பே கூடிவிட்டது. ஒரு வரியில் நான்கு எழுத்து அடையாளம் கண்டவன் மறுநாள் நூலகத்தில் கல்வெட்டு நூல் கேட்டான்.

கோயிலை விட்டு வருமுன் வடிவுடையம்மனைக் காண மறவாதீர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை ஏழுகிணற்றுப் பகுதியில் வாழ்ந்த இராமலிங்க அடிகளார் இங்கு அடிக்கடி வந்து வழிபட்டார். வடிவுடை மாணிக்கமாலை இவ்வம்மைமீது அவர் பாடியதே. கடற்கரைப் பக்கம் சென்றால் பட்டினத்தார் அடங்கிய இடமென வழிபடப்படும் கோயில் உண்டு. கடல் வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டி, அனைத்தையும் துறந்தவர் கடலோரத்திலேயே அமைதி கொண்டார் என்பது மரபு.

இனித் தெற்கே திரும்பி இராயபுரத்துக்கு வருவோம். இராயப்பர் என்பது இயேசுநாதரின் சீடரான பேதுருவுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கும் பெயர். ஊரின் பெயர் அதிலிருந்தே வந்ததென்பர். அவர் பெயரால் அமைந்த தேவாலயம் 1829-இல் எழுந்தது. எழுப்பியவர்கள் படகோட்டிகள்.

துறைமுகம் இல்லாத காலத்தில் சென்னைக்கு வந்த கப்பல்கள் நடுக்கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கும். மக்களையும் சரக்கையும் கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். ஆணி அடிக்காமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து அவற்றைச் செய்தனர். இறுகிய படகு அலையில் மோதினால் பிளந்துவிடும். தைத்த படகோ அலைக்கு ஏற்றவாறு நெகிழ்ந்து கொடுக்கும். ஆளுநராயினும் படைத்தலைவராயினும், இந்தப் படகோட்டிகளின் தோள்வலிமையை நம்பியே சென்னை மண்ணை மிதித்தனர். அம்மக்கள் தம் உழைப்பின் ஊதியத்திலிருந்து சேர்த்து வைத்த பொருளால் கட்டிய கோயிலை அரசர் கட்டிய கோயிலுக்குக் குறைந்ததென்று யார் கூற வல்லார்?

அண்மையிலேயே மேற்கு மாதாகோயில் தெருவில் பார்சி மக்களின் நெருப்புக் கோயில் உள்ளது, 1910-இல் அமைந்தது, தமிழகத்தில் அவர்களுக்கு இஃதொன்றே. பார்சியர் அல்லாதார் உள்ளே செல்லுதல் வழக்கமன்று. ஆதலால் வெளியே நின்று பார்த்து, அவர்தம் வழக்கத்தைப் போற்றித் திரும்புங்கள். எல்லாவற்றையும் உட்புகுந்து பார்த்தே தீரவேண்டும் என்பது நல்ல பயணிக்கு அழகன்று.

இராயபுரத்தின் பெருஞ்சிறப்பு அதன் ரயில் நிலையம். 1853-இல் பம்பாயிலிருந்து தாணாவுக்கும் 1854-இல் ஹௌராவிலிருந்து ஹூக்ளிக்கும் ரயில் ஓடிற்று. தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. 1856-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள் ஆளுநர் ஹாரிஸ் பிரபு நிலையத்தைத் திறந்து வைத்தார். ஜூலை முதல் நாளிலிருந்து மக்களுக்கான வண்டி, ஆர்க்காட்டுப் பகுதியிலுள்ள வாலாஜா ரோடு வரை, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவு ஓடத் தொடங்கிற்று. நாட்டின் முதல் நிலையங்கள் உருமாறிப் போய்விட்டமையால், இன்று நிற்கும் நிலையக் கட்டடங்களுள் துணைக்கண்டத்திலேயே பழமையானது இதுவே என்பர். சிர்கெசி நிலையத்தைவிட முப்பத்துநான்கு ஆண்டு மூத்தது. இதன் உயர்ந்த தூண்களைக் காண்பதற்குக் கட்டணம் இல்லை. இன்றும் அங்கே வண்டிகள் நிற்கின்றன. அலுவலுக்குச் செல்வோர் ஏறி இறங்குகின்றனர். அண்ணாந்து பார்ப்பவர் சிலரே.

தூணிலிருந்து கண்ணைக் கடலுக்குத் திருப்புங்கள். 1876-இல் சென்னைத் துறைமுகத்தின் கற்சுவர்களை எழுப்பும் வேலை தொடங்கிற்று. பணி முடியும் தறுவாயில், 1881 நவம்பரில் வீசிய புயல் அவற்றைச் சிதைத்தது. மீண்டும் கட்டினார்கள். கிழக்கே பார்த்திருந்த வாயிலை மணலும் அலையும் அலைக்கழித்தமையால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்னும் பொறியியலார் வாயிலை வடகிழக்குக்கு மாற்றியமைத்தார். இவ்வாறு விடாமுயற்சியால் உருவானது துறைமுகம்.

இத்துறைமுகத்தின்மேல்தான் 1914 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் குண்டு வீசிற்று. எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. அஞ்சிய மக்கள் பலர் ஊரை விட்டே சென்றனர். அடங்காத ஆளை 'எம்டன்' என்று நம்மவர் சொல்வது அன்று முதல். அவ்வாண்டு நவம்பரில் கோகோஸ் தீவருகே அக்கப்பல் அழிந்தது. கரையில் இறங்கியிருந்த மாலுமிகள் சிறு பாய்மரக் கப்பல் ஒன்றைக் கைப்பற்றித் தப்பி, சுமத்திராவையும் அரேபியாவையும் கடந்து, 1915 மே மாதம் இஸ்தான்புல் நகரை அடைந்தனர். இராயபுரத்துக்கும் துருக்கிக்கும் தொடர்பே இல்லை என்று எண்ணினீர்களோ? கடலோரத்து ஊர் எதுவும் உலகத்திலிருந்து தனித்து நிற்பதில்லை.

இப்பொழுது நான் கூறப்போவது எந்த வழிகாட்டி நூலிலும் காட்சியாகக் குறிக்கப்படுவதில்லை. ஆயினும் வடசென்னையில் முதன்மையாகக் காணத்தக்கது அதுவே என்பது என் கருத்து.

நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதியில் அலைகள் தெற்கிலிருந்து சாய்வாக வந்து மோதுகின்றன. அதனால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மட்டும் அந்நகர்ச்சி திசை மாறும். கடலுக்குள் நீண்ட துறைமுகச் சுவர் இந்த மணலின் பாதையில் குறுக்கே நின்றது. வந்த மணல் சுவரின் தெற்கே தங்கித் தங்கிக் குவிந்தது. மெரினாக் கடற்கரை அகன்றுகொண்டே போயிற்று. 1884-இல் கிராண்ட் டஃப் என்னும் ஆளுநர் அங்கே உலாச் சாலை அமைத்துப் பெயரும் இட்டார். வடக்கே என்ன ஆயிற்று? அலை மணலைக் கொண்டுபோயிற்று. ஈடு செய்யப் புதுமணல் வரவில்லை. இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை கடல் கரையைத் தின்றது. தெருக்களும் குப்பங்களும் கடலுக்குள் போயின. கருங்கற்களைக் கொட்டித்தான் எஞ்சியதைக் காத்து வருகிறார்கள்.

ஒருமுறை மாணவர்களுடன் அக்கற்களின் அருகே நின்று இதனை விளக்கிக்கொண்டிருந்தேன். மீனவக் குடும்பத்து மாணவி ஒருத்தி கடலைச் சுட்டி, "எங்கள் பாட்டியின் வீடு அதோ, அந்த அலை உடைகிற இடத்தில் இருந்ததாம், ஐயா" என்றாள். மற்றவர்கள் சிரிக்கவில்லை. மண்ணெண்ணெய் விளக்கும், அடுப்பும், வலை உலர்த்திய முற்றமும் இருந்த இடத்தில் தண்ணீர் புரண்டுகொண்டிருந்தது. வரலாற்றுச் சின்னம் என்பது எப்பொழுதும் நின்று காட்சியளிக்க வேண்டியதில்லை என்பதை அம்மாணவர்கள் அன்று உணர்ந்தார்கள்.

நகரத்துக்குத் துறைமுகம் வேண்டும்; அதில் ஐயமில்லை. ஆனால் மாலைக் காற்று வாங்க மெரினா மணலில் அமரும் ஒவ்வொருவரும், அந்த மணலுக்கு வடக்கே ஒரு கரை விலை கொடுத்திருக்கிறது என்பதை அறிந்திருத்தல் கடமை.

கடைசியாக எண்ணூர். சென்னையிலிருந்து எண்ணூருக்கு 1806-இல் ஒரு கால்வாய் வெட்டினர். பின்னர் அது நீண்டு பக்கிங்ஹாம் கால்வாயாயிற்று. உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் அதன்வழியே சென்னைக்கு வந்தன. கொசத்தலை ஆறு கடலில் கலக்கும் கழிமுகமும், வடக்கே பழவேற்காட்டை நோக்கிச் செல்லும் உப்பங்கழியும், அலையாத்தி மரங்களும், ஆழமில்லா நீரில் அமர்ந்து கையால் இறால் தடவிப் பிடிக்கும் எளிய மக்களும் எண்ணூரின் பழைய காட்சிகள். 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்று தோன்றிய நிறுவனம் 1955-இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. அதே 1955-இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஆலை தொடங்கிற்று. 1970-இல் இயங்கத் தொடங்கிய எண்ணூர் அனல் மின் நிலையம் நம் இல்லங்களுக்கு ஒளி தந்து 2017-இல் ஓய்வு பெற்றது. 2001 முதல் எண்ணூரில் மற்றொரு துறைமுகமும் உண்டு. இப்பொழுது அது காமராசர் பெயரைத் தாங்குகிறது.

இவற்றின் மறுபக்கமும் உண்டு. சாம்பலும் கழிவும் கழிமுகத்தை நலித்தன. 2017 ஜனவரியில் இரு கப்பல்கள் மோதிக் கசிந்த எண்ணெய் கரையெங்கும் படிந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது மீண்டும் எண்ணெய் கழிமுகத்தில் பரவிற்று. 2017-இல் அக்கரிய சேற்றை வாளி வாளியாக அள்ளியவர்களுள் உங்களைப் போன்ற கல்லூரி மாணவர்கள் பலர் இருந்தனர். அவர்களுக்கு எண்ணூர் வெறும் பெயரன்று. கைகளால் அறிந்த இடம்.

ஒரு நாட்பயணமாக இவற்றையெல்லாம் காணலாம். காலையில் திருவொற்றியூர், பிற்பகலில் எண்ணூர்க் கழிமுகம், மாலையில் இராயபுரம். போகும்போது ஒரு குறிப்பேடு கொண்டு செல்லுங்கள். கண்ட இடத்தின் பெயரையும் ஆண்டையும் எழுதுங்கள். அதனைக் கட்டியவர் யார், அதற்கு விலை கொடுத்தவர் யார் என்ற இரு வினாக்களுக்கும் விடை தேடுங்கள். அவ்விடத்தில் வாழும் முதியவர் ஒருவரிடம் பணிவுடன் பேசி, அவர் நினைவில் உள்ளதைக் குறித்துக்கொள்ளுங்கள். கல்வெட்டு காத்திருக்கும், முதியவரின் நினைவு காத்திருக்காது.

இவ்விரு வினாக்களையும் நெஞ்சிற்கொண்டு வடசென்னையைப் பார்த்தவர், பிற்காலத்தில் இஸ்தான்புல் சென்றாலும் வெறும் புகைப்படத்துடன் திரும்ப மாட்டார். அங்கும் தச்சனின் பெயரைத் தேடுவார். மதிலுக்கு வெளியே வாழ்ந்தவர் யாரென்று கேட்பார். வருகிற விடுமுறையில் ஒரு நாளை இதற்கென ஒதுக்குங்கள்.